ஏழு மணிக்கு வீட்டில் யார்?

பிள்ளைகளைப் போதையிலிருந்து விலக்கி வைப்பதில் உபதேசத்தைவிட உடன் கழிக்கும் சாதாரண நேரமே பலன் தருகிறது என்கிறது ஐஸ்லாந்தின் அனுபவம். இந்தியக் குடும்பங்களிடம் அந்த நேரம் இருக்கிறதா?

தொண்ணூறுகளில் ஐஸ்லாந்தின் தலைநகரான ரெய்க்யவிக்கில் வெள்ளிக்கிழமை இரவு கடைவீதிப் பக்கம் போகப் பெரியவர்களே தயங்கினார்கள். ரவுடிகளுக்குப் பயந்து அல்ல, குடித்துவிட்டுக் கும்பலாகத் திரிந்த பள்ளிப் பிள்ளைகளுக்குப் பயந்து. 1998இல் எடுத்த கணக்கின்படி 15, 16 வயதினரில் 42 சதவீதம் பேர் முந்தைய ஒரு மாதத்தில் போதை தலைக்கேறும் அளவுக்குக் குடித்திருந்தார்கள். 23 சதவீதம் பேர் தினமும் சிகரெட் பிடித்தார்கள். 17 சதவீதம் பேர் கஞ்சாவை ருசி பார்த்திருந்தார்கள். 2016இல் இந்த எண்கள் முறையே 5, 3, 7 எனச் சரிந்துவிட்டன.

சிகரெட் பழக்கம் மற்ற ஐரோப்பிய நாடுகளிலும் குறைந்தது என்பதால் முழுப் பெருமையும் ஐஸ்லாந்துக்காரர்களுக்குச் சேராது. ஆனாலும் அவர்கள் செய்ததைக் கவனிக்க வேண்டும். 'போதை கெடுதல்' என்று வகுப்பில் பாடம் நடத்திப் பார்த்து, மாணவர்கள் காதில் வாங்காததால் வேறு கேள்விகளுக்குப் போனார்கள். எவ்வளவு நேரம் பெற்றோருடன் இருக்கிறாய்? நீ எங்கே, யாருடன் இருக்கிறாய் என்று அவர்களுக்குத் தெரியுமா? உன் நண்பர்களின் பெற்றோரை அவர்களுக்குத் தெரியுமா? குடிக்காத பிள்ளைகளின் பதில்களில் ஒரு ஒற்றுமை தெரிந்தது. அவர்களின் வீடுகளில் பெரியவர்கள் இருந்தார்கள், வாரத்தில் சில நாட்கள் ஆட்டமோ பாட்டோ இருந்தது, இரவில் அவர்கள் தெருவில் இல்லை.

பிறகு சட்டம் வந்தது. 20 வயதுக்குக் கீழே மது இல்லை, 18க்குக் கீழே சிகரெட் இல்லை. 13 முதல் 16 வயதுவரை உள்ளவர்கள் குளிர்காலத்தில் இரவு பத்து மணிக்கு மேல் பெரியவர் துணையின்றி வெளியே திரியக் கூடாது, கோடையில் இரண்டு மணி நேரச் சலுகை. பள்ளி தோறும் பெற்றோர்கள் கூடி ஒப்பந்தம் போட்டுக்கொண்டார்கள். 'எல்லா வீட்டிலும் விடுகிறார்களே' என்ற அந்த உலகப் பொது வாதம் அங்கே செத்தது. கூடவே அரசு காசையும் எடுத்து வைத்தது. ஒரு கட்டத்தில் ரெய்க்யவிக் நகராட்சி விளையாட்டு, இசை வகுப்புகளுக்காக ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 35,000 குரோனா கொடுத்தது. அன்றைய மதிப்பில் சுமார் 20,000 ரூபாய்.

ஒப்பந்தத்தின் முக்கியமான அம்சம் நேரத்தின் அளவு. எப்போதோ ஒரு நாள் ஓட்டலுக்கும் சினிமாவுக்கும் அழைத்துப் போய் அதற்கு 'குவாலிட்டி டைம்' என்று பெயர் சூட்டுவதை அவர்கள் நம்பவில்லை. கிழமை நாட்களில், பெரிதாக எதுவும் நடக்காத மாலைகளில், வீட்டில் இருங்கள் என்றார்கள். வார நாட்களில் அடிக்கடி அல்லது ஏறக்குறைய எப்போதும் பெற்றோருடன் நேரம் கழிப்பதாகச் சொன்ன 15, 16 வயதினர் 1997இல் 23 சதவீதம், 2012இல் 46 சதவீதம்.

அந்த மாலைகள் இந்தியாவில் எப்படிக் கழிகின்றன? டெல்லியானாலும் புனேயானாலும் பத்தாம் வகுப்புப் பிள்ளை மாலையில் டியூஷனில் இருக்கிறது. அப்பா மெட்ரோவிலோ லோக்கல் ரயிலிலோ தொங்குகிறார். அம்மாவும் வேலைக்குப் போனால் குக்கர் விசிலுடன் நாள் முடிகிறது. வடக்கே குடியேறிய தமிழர்களுக்கு ஒரு காலத்தில் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் என்ற 33 மணி நேரக் குடும்ப நிகழ்ச்சி இருந்தது. புளியோதரை, சீட்டுக்கட்டு, அப்பாவின் பழைய கதைகள். தப்பித்து ஓட வழியே இல்லை. இப்போது அதே பெட்டியில் நான்கு பேரும் நான்கு செல்போன்களுக்குள் இருக்கிறார்கள்.

குடும்பமாகச் சேர்ந்து செய்ய ஆடம்பரமான திட்டம் தேவையில்லை. வாரச் சந்தையில் காய்கறி வாங்குவது, பரணில் ஏறிக் கொலு பொம்மைகளை இறக்குவது, சைக்கிள் பங்சர் ஒட்டுவது, ஞாயிற்றுக்கிழமை சமையலை மகனிடம் விட்டுவிட்டுப் பக்கத்தில் வெங்காயம் உரிப்பது. விடலைப் பருவத்துப் பிள்ளை எதிரே உட்கார வைத்து விசாரித்தால் வாயைத் திறக்காது. கை வேலையில் இருக்கும்போது, முகம் பார்க்காமல், தானாகச் சொல்லும். நண்பன் ஒருவன் என்னவோ கொண்டு வந்தான் என்ற செய்தி அப்படித்தான் வெளியே வரும். அந்த நேரம் பார்த்து அப்பா குதிக்காமல் இருக்க வேண்டும். அது கஷ்டம்தான்.

அதைவிடக் கஷ்டமானது அப்பாவின் சொந்த பாட்டில். மகனை அனுப்பி சோடாவும் சிகரெட்டும் வாங்கி வரச் சொல்வது நம் வீடுகளில் சாதாரணம். 18 வயதுக்குக் கீழே உள்ளவருக்குச் சிகரெட் விற்பது 2003ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். சிறுவர்களுக்கு மதுவோ புகையிலையோ கொடுப்பவருக்கு 2015ஆம் ஆண்டுச் சிறார் நீதிச் சட்டம் ஏழு ஆண்டுவரை கடுங்காவல் என்கிறது. மது அருந்தும் வயது விஷயத்திலோ மாநிலங்களுக்குள்ளேயே ஒற்றுமை இல்லை. கோவாவில் 18, கேரளத்தில் 23, பஞ்சாபில் 25. எந்த வயதில் எதைப் பார்க்கலாம் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. கூடத்தில் தினமும் பார்க்கிற காட்சிக்கு முன்னால் அறிவுரை எடுபடுமா?

இந்த யோசனைகள் எல்லாம் மாலையில் வீடு திரும்ப முடிகிற குடும்பங்களுக்குத்தான். எய்ம்ஸ் மருத்துவமனையின் போதை சிகிச்சை மையம் மத்திய அரசுக்காக நடத்தி 2019இல் வெளியான தேசிய ஆய்வில் ஒரு விவரம் உறுத்துகிறது. பெரியவர்களைவிடச் சிறுவர்களிடம் அதிகமாகக் காணப்படும் போதை ஒன்றே ஒன்றுதான்: பசை, ஒயிட்னர் போன்றவற்றை முகர்வது. பெரியவர்களில் 0.58 சதவீதம், 10 முதல் 17 வயதினரில் 1.17 சதவீதம். ரயில் நிலையத்தில் துணியில் நனைத்து முகரும் பையனுக்கு, கொலு பொம்மை இறக்கக் கூப்பிட வீடே இல்லை. அவனுக்கு மைதானமும் பயிற்சியாளரும் தரவேண்டியது நகராட்சிதான். ஐஸ்லாந்தைப் புகழ்கிறவர்கள் அந்த 35,000 குரோனாவைச் சௌகரியமாக மறந்துவிடுகிறார்கள்.

நடுத்தர வர்க்கம் அந்தச் சாக்கைச் சொல்ல முடியாது. பெற்றோர்கள் பேசிக்கொள்வதற்குச் செலவில்லை. அதற்கான ஏற்பாடும் தயாராக இருக்கிறது. இன்று பல பள்ளிகளில் வகுப்புக்கு ஒரு பெற்றோர் வாட்ஸ்அப் குழு உண்டு. வீட்டுப்பாடம், யூனிட் டெஸ்ட், யாருக்கு எவ்வளவு மார்க் என்று இரவு பதினொன்றுவரை அது ஓயாமல் சிணுங்குகிறது. சனிக்கிழமை பிறந்தநாள் பார்ட்டியில் யார் வீட்டுப் பெரியவர் உடனிருக்கிறார், எத்தனை மணிக்கு எல்லோரும் வீடு திரும்ப வேண்டும் என்ற கேள்விதான் அதில் வருவதில்லை.