கடல் தூண்டில் ரீல்களைச் செப்பனிடுதலும் பாதுகாத்தலும்

கம்பம் பள்ளத்தாக்கில் மலையடிவாரத்தையொட்டி அமைந்துள்ள சுருளிப்பட்டிக்கும் கடலுக்கும் நேர்த்தொடர்பு இல்லை. ஆயினும் கடற்கரை ஊர்களில் வேலை பார்த்துத் திரும்புவோரும், பழைய சாமான்களை விலைக்கு வாங்குவோரும் கடல் தூண்டில் ரீலை இத்தகைய ஊருக்குக் கொண்டுவருதல் கூடும். கடலை விட்டு நீங்கியதால் அதற்கு இனி ஆபத்தில்லை என்று கருதுவது தவறாகும். உட்புறத்தில் படிந்துள்ள உப்பு ரீலுடனேயே வந்து சேர்கின்றது. அது காற்றிலுள்ள ஈரத்தை ஈர்த்து, ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் பெட்டிக்குள் இருக்கும்போதே உலோகத்தை அரித்துவிடும்.

நம் கடற்கரையில் கட்டுமரமேறுவோர் கைத்தூண்டில் நூலைக் கைகளாலேயே விட்டும் இழுத்தும் மீன் பிடிப்பது நெடுநாள் வழக்கம். ரீல் என்பது அந்நூலை உருளையில் சுற்றி, பல்சக்கரங்களின் உதவியால் விரைவாக இழுப்பதற்கு ஏற்பட்ட சாதனம். பெரிய மீன் ஓடும்போது நூல் அறாதிருக்க, அதனைச் சிறிது சிறிதாக விட்டுக்கொடுக்கும் தடை வளையங்களும் அதில் உண்டு. முற்காலத்தில் தோல் பட்டையை விரலால் அழுத்தியே இத்தடையை உண்டாக்கினர். 1913ஆம் ஆண்டளவில் அமெரிக்காவில் நட்சத்திர வடிவமான திருகினால் தடையைக் கூட்டவும் குறைக்கவும் வழி செய்தனர். 1932இல் பிலடெல்பியா நகரில் தோன்றிய பென் கம்பெனியின் ரீல்கள் பிற்காலத்தில் உலகெங்கும் பரவின. பழைய ரீல்களிற் பலவற்றில் பித்தளையும், எபொனைட் என்னும் கடின ரப்பரும், முலாம் பூசிய உலோகங்களும் ஒருங்கே காணப்படும்.

இவ்வாறு பல உலோகங்கள் சேர்ந்திருப்பதே கேட்டிற்கு ஒரு காரணம். உப்பு நீர் படிந்த இடத்தில் இரு வேறு உலோகங்கள் ஒன்றையொன்று தொட்டிருந்தால், மின்கலத்தில் நிகழ்வதுபோல் ஒன்று கரையத் தொடங்கும். அலுமினியம் வெண்பொடியாக உதிர்வதும், பித்தளையில் பச்சைக் களிம்பு ஏறுவதும், இரும்பு துருவேறுவதும் இதன் அடையாளங்கள்.

பழைய ரீல் கைக்கு வந்தவுடன் அதன்மேல் எண்ணெய் விடுவது பலருடைய வழக்கம். இதுவே முதற்பிழை. எண்ணெய் உப்பை அகற்றாது. அதனை உள்ளேயே மூடிவைக்கும். ஆகையால் முதலில் நூலைக் கழற்றிவிட்டு, ரீலை நன்னீரில் ஓரிரு நாள் ஊறவைத்து, நீரைப் பலமுறை மாற்ற வேண்டும். வெந்நீர் ஆகாது, எபொனைட் நிறம் மாறிக் கெடும்.

ஊறிய பின் நிழலில் உலர்த்தி, காடாத் துணியொன்றை விரித்து, பாகங்களைக் கழற்றும் வரிசைப்படியே அதன்மேல் அடுக்குக. ஒவ்வொன்றும் இருந்த நிலையைச் சிறு படமாக எழுதி வைத்தல் நன்று. திருகாணியின் வெட்டுக்குச் சரியாகப் பொருந்தும் திருப்புளியையே உபயோகிக்க வேண்டும். இறுகிய திருகாணியைப் பலாத்காரமாகத் திருகினால் அதன் தலை சிதையும். மெல்லிய எண்ணெய் இட்டு ஒருநாள் காத்திருப்பதே புத்திசாலித்தனம். சிற்றூரில் உதிரிப் பாகம் கிடைப்பது அரிதாகையால், அவசரத்தில் ஒடிந்த ஒரு பாகம் ரீல் முழுவதையும் பயனற்றதாக்கிவிடும்.

பழைய மசகைச் சிறிது மண்ணெண்ணெயில் நனைத்த தூரிகையால் அகற்றலாம். அருகில் நெருப்பு இருத்தல் கூடாது. வீட்டுப் பித்தளைப் பாத்திரத்தைப் புளியும் சாம்பலும் இட்டுத் தேய்ப்பதுபோல் ரீலைத் தேய்த்தல் தகாது. முலாம் உரியும்; பற்களின் கூர்மை மழுங்கும்; புளிப்பு இடுக்கில் தங்கினால் புதிய அரிப்பு உண்டாகும். பற்கள் உடைந்த சக்கரத்தை மாற்றுவதே தக்கது. பழைய வகைகளிற் சிலவற்றுக்கு உதிரிப் பாகங்கள் இன்றும் கிடைக்கின்றன.

மீண்டும் பூட்டும்போது பல்சக்கரங்களில் மசகை மெல்லிய பூச்சாகவும், அச்சு முனைகளில் தையல் மெஷின் எண்ணெயை ஒரு துளியாகவும் இடுக. நல்லெண்ணெய், கடலை எண்ணெய் முதலியவை நாளடைவில் பிசினாக ஒட்டிக்கொள்ளும். தடை வளையங்களில் இவ்வெண்ணெய் சொட்டினால் அவை வழுக்கும். இழுத்து நீண்ட நைலான் நூலை மிக இறுக்கிச் சுற்றுவதும் கூடாது. அது சுருங்கி அழுத்துகையில் பழைய உருளை வெடித்தல் உண்டு.

செப்பனிட்ட ரீலைக் காப்பது எளிது. உபயோகித்த அன்றே தடையை இறுக்கி, மெதுவாக நன்னீர் ஊற்றிக் கழுவ வேண்டும். வேகமாகப் பீய்ச்சும் நீர் உப்பை உள்ளே தள்ளும். பின் துடைத்து, நிழலில் உலர்த்தி, தடையைத் தளர்த்தி, காற்றோட்டமுள்ள இடத்தில் வைத்தல் வேண்டும். ஈரத்துடன் தோலுறையில் மூடி வைத்தல் கேட்டை விளைக்கும். கழுவுதலில் ஒருநாள் செய்யும் சோம்பலே பல நாள் செப்பனிடும் வேலையாக வளர்கின்றது. இச்சிறு ஒழுங்கைக் கடைப்பிடிப்போர் கையில் பழைய ரீல் இன்னும் பல்லாண்டு உழைக்கும்.