கணினியும் சிறு திரையும்



ஒரு பொருள் பழுதாயிற்று என்று தீர்ப்புக் கூறுமுன், அது நம்மிடம் எதிர்பார்ப்பது யாது என வினவி அறிதல் நன்று. இதனை விளக்குதற்கு இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள், விளையாட்டுப் பொறி ஒன்றின் சிறு திரையைக் கணினியோடு இணைத்தல் என்பதாகும். கலைத்துறையிற் கற்றவனுக்குக் கம்பிகளோடு என்ன தொடர்பு எனச் சிலர் எண்ணக்கூடும். பாடசாலை அதிபராயிருப்பவனை நோக்கி மாணவர் கேட்கும் வினா எத்துறையிலிருந்து வரும் என்பதற்கு வரையறை கிடையாது.

யப்பான் நாட்டுச் சோனி நிறுவனத்தார் 1994ஆம் ஆண்டு டிசம்பரிலே பிளேஸ்டேசன் என்னும் விளையாட்டுப் பொறியை விற்பனைக்கு விட்டனர். 2000ஆம் ஆண்டிலே அதன் சிறிய வடிவம் பீ.எஸ். வன் என்ற பெயரோடு வெளிவந்தது. அதனோடு பொருத்தி மடித்து வைக்கத்தக்க 5 அங்குலத் திரவப் பளிங்குத் திரையும் விற்கப்பட்டது. காலப்போக்கில் பொறி பழமைப்பட்டு ஒதுக்கப்பட்ட வீடுகளிலே திரை மட்டும் எஞ்சிற்று. உலகின் பல பாகங்களிலும் கைவினை ஆர்வமுள்ளோர் அதனைக் கணினித் திரையாக்க முயன்றனர்.

எமது மாணவர் ஒருவரும் அவ்வாறே முயன்றார். திரையின்றிக் கிடந்த கணினி ஒன்றுக்கு இதனைப் பொருத்தின், இன்னும் ஒரு பிள்ளை அமர்ந்து பயிலலாம் என்பது அவர் எண்ணம். இணைத்துப் பார்த்தபோதோ, படம் கிழிந்த சீலைபோலக் குறுக்கே சிதறி ஓடிற்று. “சேர், சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் சரியாகத்தானே கொடுத்தேன், திரை செத்துவிட்டதா?” என்று கேட்டார். திரை சாகவில்லை. அதற்குரிய தாளம் கிடைக்கவில்லை.

திரையிலே படம் எழுதப்படும் முறை, உழவன் வயலிலே சாலிடுவதை ஒத்தது. மேலிருந்து கீழாக ஒரு கோட்டின்பின் மற்றொரு கோடாகப் படம் வரையப்படுகின்றது. ஒவ்வொரு கோட்டின் முடிவிலும் “அடுத்த கோட்டுக்குத் திரும்பு” என ஒரு துடிப்பும், படம் முடிந்ததும் “மீண்டும் மேலே செல்” என மற்றொரு துடிப்பும் அனுப்பப்படும். இவற்றை ஒத்தியக்கத் துடிப்புகள் என்போம். நட்டுவனாரின் தாளம் தப்பினால் ஆடுபவரின் அடி தப்புவதுபோல, இத்துடிப்புத் தவறினால் நிறங்கள் யாவும் சரியாயிருந்தும் படம் உருக்குலையும்.

விளையாட்டுப் பொறிகள் வீட்டுத் தொலைக்காட்சிக்கென அமைந்தவை. அமெரிக்காவிலும் யப்பானிலும் வழங்கிய தொலைக்காட்சி முறையிலே படமொன்றுக்கு 525 கோடுகள். செக்கனுக்கு ஏறத்தாழ 30 படங்கள். அதாவது, செக்கனுக்கு 15,734 கோடுகள். நம் நாட்டிலும் ஐரோப்பாவிலும் வழங்கிய முறையில் 625 கோடுகள், 25 படங்கள், பெருக்கினால் 15,625. ஐ.பி.எம். நிறுவனத்தார் 1987ஆம் ஆண்டிலே அறிமுகஞ்செய்த வி.ஜீ.ஏ. முறையோ, 525 கோடுகளையும் செக்கனுக்கு ஏறத்தாழ 60 தடவை எழுதுகின்றது. கோடுகளின் மீடிறன் 31,469. இது தொலைக்காட்சியினதைப்போல ஏறத்தாழ இருமடங்கு. திரை ஒரு கோடு எழுதி முடிக்குமுன் கணினி இரண்டு கோடுகளைக் கொட்டிவிடுகின்றது. படம் கிழிந்ததன் காரணம் இதுவே.

பரிகாரம் கணினியிலேயே உள்ளது. கோட்டு மீடிறனைப் பாதியாக்குமாறு அதன் காட்சி அட்டைக்கு மென்பொருள் வாயிலாகக் கட்டளையிடலாம். லினக்ஸ் இயங்குதளத்திலே இதற்கு வழியுண்டு. 480 கோடுகளையும் ஒரே முறையில் எழுதாது, முதலில் ஒற்றைக் கோடுகளையும் பின்னர் இரட்டைக் கோடுகளையும் எழுதச் செய்தல் வேண்டும். இதில் ஓர் இடர்ப்பாடு உண்டு. வெற்றிடத்தையும் சேர்த்துக் கோடொன்றுக்கு 800 புள்ளிகள் எனின், செக்கனுக்கு ஏறத்தாழ 1 கோடியே 26 இலட்சம் புள்ளிகளே வேண்டும். சில அட்டைகள் அத்துணை மெதுவாக ஓடா. அப்பொழுது கோட்டின் புள்ளிகளை 1,600 ஆக்கிவிட்டால், புள்ளியின் வேகம் பழைய அளவுக்கே வந்துவிடும்.

அடுத்தது கம்பி இணைப்பு. வி.ஜீ.ஏ. முனையிலே 15 ஊசிகள் உள. 1, 2, 3 என்பவை முறையே சிவப்பு, பச்சை, நீலம். அவற்றின் மின்னழுத்தம் 0.7 வோல்ற்றுக்கு மேற்படாது. 6, 7, 8 அவற்றுக்குரிய புவி இணைப்புகள். 13ஆவது கோட்டுத் துடிப்பு. 14ஆவது படத் துடிப்பு. சிறு திரையோ இரு துடிப்புகளையும் ஒரே கம்பியிற் கலந்து எதிர்பார்ப்பது. கலப்பதற்கு 7486 என்னும் சிறு சில்லு போதும். அதிலே நான்கு தர்க்கப் படலைகள் உள. நம் வளவுப் படலையைப் போல இதுவும் திறந்து மூடும். ஆயின், இரு உள்ளீடுகளில் ஒன்றில் மட்டும் மின்னழுத்தம் இருந்தாலன்றித் திறவாது. கலந்த துடிப்புத் தலைகீழாய் வரின், எஞ்சிய படலையொன்றாற் புரட்டிக்கொள்ளலாம். இத்துடிப்பு 5 வோல்ற்று அளவினது. ஆதலால் தடையிகளாற் குறைத்த பின்னரே திரைக்குக் கொடுத்தல் வேண்டும்.

சில எச்சரிக்கைகள். இத்திரை 7.5 வோல்ற்று நேரோட்டத்தில் இயங்குவது. வேறு வழங்கியைப் பொருத்துவோர் மின்னழுத்தத்தையும் நேர், மறை முனைகளையும் சரிபார்த்தல் கடன். மின்சாரம் துண்டிக்கப்பட்டிருக்கும்போதே பற்றாசு வைத்தல் வேண்டும். படக்குழாயுள்ள பழைய தொலைக்காட்சிப் பெட்டியைத் திறந்து இச்சோதனையைச் செய்யற்க. அதனுள்ளே ஆயிரக்கணக்கான வோல்ற்று உண்டு. நிறுத்திய பின்னும் அது தங்கி நிற்கும்.

பெரும் பயனை எதிர்பார்த்தலும் ஆகாது. கணினி தொடங்கும் வேளையில், நம் கட்டளை நடைமுறைக்கு வரும்வரை படம் சிதறியே தோன்றும். சிறு எழுத்துகள் தெளிவுறா. பெரிய எழுத்துக்கும் படத்துக்கும் ஏற்றது. இக்காலக் கணினிகள் பலவற்றில் வி.ஜீ.ஏ. முனையே இல்லை. பணம் உள்ளவர்க்குப் புதிய திரை வாங்குதல் எளிது.

எனினும், எளிதான வழி எல்லோர்க்கும் திறந்திருப்பதில்லை. படம் வராத திரையைக் குப்பையில் எறிந்த பிள்ளை ஒரு திரையை மட்டும் இழந்தது. ஏன் வரவில்லை எனக் கணக்கிட்டு அறிந்த பிள்ளையோ, தொலைக்காட்சி, கணினி, மீடிறன், தர்க்கம் ஆகிய நான்கையும் ஒரு மாலைப்பொழுதிலே கற்றுக்கொண்டது. பெற்றோரும் ஆசிரியரும் பிள்ளைகளின் மேசைமீது கிடக்கும் பழைய கம்பிகளைக் கண்டு சினவாது, “இது என்ன எதிர்பார்க்கிறது?” என்று அவர்களோடு சேர்ந்து கேட்பாராக.