எள்ளலும் பேணலும்

நகை பிறக்கும் நிலைக்களன்களை நான்காக வகுத்த தொல்காப்பியர், எள்ளலை அவற்றுள் முதற்கண் வைத்தார். உரைகண்ட பேராசிரியரோ, பிறரை நாம் எள்ளி நகைத்தலும், நம்மைப் பிறர் எள்ளியவிடத்து நாமே நகைத்தலும் என அதனை இருவகைப்படுத்தினார். ஒருவர் உழைப்பிற் பிறந்த படைப்பைக் குறையுடைத்தென்னுங் காரணத்தால் எள்ளுதல் தகுமா? அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரொன்றைக் கொண்டு இவ்வினாவை ஆராய்வாம்.

‘மிஸ்டரி சயன்ஸ் தியேட்டர் 3000’ என்னும் அத்தொடரைத் தோற்றுவித்தவர் ஜோயல் ஹொட்ஜ்சன். 1988 ஆம் ஆண்டு நவம்பர் 24 ஆம் நாள் மினியாப்பொலிஸ் நகரத்துச் சிறு நிலையமொன்றில் அது முதன்முதல் ஒளிபரப்பாயிற்று. பின்னர் நாடளாவிய ஒளிபரப்புக்களிற் சேர்ந்து 1999 வரை நிலவிற்று. 2017 இல் மீண்டும் உயிர்பெற்றது. அதன் கதை எளியது. பித்தேறிய விஞ்ஞானியர் ஒருவனை விண்கலத்திற் சிறைவைத்து, இழிந்த படங்களைக் காணுமாறு வற்புறுத்துகின்றனர். அவன் தன் தனிமை தீரப் பொறிமனிதர் இருவருடன் அமர்ந்து அவற்றைக் காண்கின்றான். திரையின் அடியில் மூவரின் நிழலுருவுந் தோன்ற, படம் ஓடுந்தோறும் அவர்தம் பரிகாசமொழிகள் இடையிடையே ஒலிக்கும்.

எள்ளுவோர் செல்வச் செருக்குடையோரல்லர் என்பது ஈண்டு நோக்கற்பாலது. பொறிமனிதருள் ஒருவனுக்கு மிட்டாய் விற்கும் இயந்திரத்தின் குமிழே தலை; மற்றவனுக்குப் பந்துருட்டி வீழ்த்தும் விளையாட்டுக் கட்டையை இரண்டாகப் பிளந்ததே அலகு. தம் அரங்கும் மலிவானதே என்பதை அவர் மறைத்திலர். பேராசிரியர் கூறிய இருவகை எள்ளலும் இங்கு ஒருங்கே அமைந்தன.

அவர் எள்ளிய படங்களுள் ‘மானோஸ்: த ஹான்ட்ஸ் ஒவ் பேட்’ என்பது ஒன்று. எல் பாசோ நகரத்து உர வணிகரான ஹரல்ட் வாரன் ஏறத்தாழ 19,000 டொலர் செலவில் ஆக்கிய அப்படம் 1966 இல் வெளிவந்தது. அவருடைய கருவி ஒருமுறை முடுக்கினால் அரை நிமிட அளவே ஓடும், ஒலியைப் பதியாது. உரையாடலைப் பின்னர் ஒருசிலரே பேசி இணைத்தனர். உலகம் மறந்த அப்படம், 1993 இல் இத்தொடரில் இடம்பெற்றபின் பெரும்புகழ் எய்திற்று. 2011 இல் அதன் பழைய சுருள் கண்டெடுக்கப்பட்டபொழுது, செப்பனிடுதற்கு ஆர்வலர் பலர் பொருளுதவினர்.

ஆயின், எள்ளல் எல்லை கடந்தவிடமும் உண்டு. 1996 இல் இக்குழுவினர் தம் நிகழ்ச்சியையே திரைப்படமாக்கி, ‘திஸ் ஐலண்ட் ஏர்த்’ என்னும் 1955 ஆம் ஆண்டுப் படத்தை அதிற் பரிகசித்தனர். அஃது அக்காலத்து மதிப்புடன் வரவேற்கப்பட்ட வண்ணப்படம். அதனைக் குறைத்துக் காட்டியமையால், பரிகாசஞ் சேர்ந்த புதுப்படம் மூலப்படத்தினுங் குறுகியதாயிற்று. அதனை அங்கே முதன்முறை காண்போர் மூலத்தின் தகுதியை எங்ஙனம் அளந்தறிவர்?

எனவே, எள்ளலின் தகுதி எள்ளப்படும் பொருளை எவ்வாறு காட்டுகின்றோம் என்பதிலேயே தங்கியுளது. ஒரு படத்துக்குப் பரிகாசமொழி புனைவோர் அதனைப் பலகாற் கூர்ந்து நோக்கல் வேண்டும். அத்துணைக் கவனத்தை வாரனின் படத்துக்கு வேறெவரும் அளித்திலர். முழுமையாகக் காட்டி நகைப்பவன் ஒருவாற்றாற் படைப்பைப் பேணுபவனுமாவான். சிதைத்துக் காட்டி நகைப்பவனோ அதற்குத் தீங்கிழைப்பவனாவான். குறையுடைய நூலையோ நாடகத்தையோ நாம் நகையாட முற்படும்பொழுதும் இவ்வேறுபாட்டை உளங்கொள்ளல் நன்று.