கோட்டையும் குடாவும்

கடலோர நகரம் ஒன்றின் வடிவத்தை அறிய விழைவோர், அதன் துறைமுகம் யார் கையில் இருந்தது என்பதை முதலில் வினவுதல் வேண்டும். திருகோணமலைக்கு இவ்வினா மிகவும் பொருந்தும்.

மேற்கே ஆழமான உட்துறைமுகம். வடகிழக்கே திறந்த கடல். இரண்டுக்கும் நடுவே ஒடுங்கிய நிலத்துண்டு. அதன்மீதே நகரம் அமர்ந்திருக்கிறது. கிழக்கே கடலுக்குள் நீண்டு நிற்பது சுவாமிமலை. அங்கிருந்த கோணேசர் கோயிலை இடித்த போர்த்துக்கேயர், அதன் கற்களைக்கொண்டே 1624-இல் கோட்டை கட்டினர். 1639-இல் அதனைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், பின்னர் துறைமுக வாயிலிலுள்ள மேட்டில் ஒஸ்ரன்பேர்க் என்னும் மற்றொரு கோட்டையை எழுப்பினர். 1795-இல் ஆங்கிலேயர் வந்தனர். ஆள்வோர் மாறினரேயன்றி, மேட்டுநிலம் படைக்கு, எஞ்சியது குடிகளுக்கு என்னும் முறை மாறவில்லை.

கோட்டைக்கும் குடியிருப்புக்கும் இடையே வெளி விடுவது அக்காலப் படைவழக்கம். பீரங்கியின் பார்வையை வீடுகள் மறைத்தல் ஆகாது. ஆபிரிக்காவின் தென்முனையிலுள்ள கேப்டவுனில், ஒல்லாந்தர் 1666-இல் தொடங்கிய கோட்டைக்கு முன்னும் இத்தகைய திடல் உண்டு. இன்று அங்கே சந்தை கூடுகிறது.

ஆபிரிக்காவின் கிழக்குக் கரையிலுள்ள மொம்பாசாவின் கதை வேறு. போர்த்துக்கேயர் 1593-இல் கட்டத் தொடங்கிய இயேசு கோட்டையின் அருகே, ஒடுங்கிய சந்துகளும் செதுக்குவேலைக் கதவுகளும் கொண்ட பழைய நகர் இருக்கிறது. 1896-இல் அங்கிருந்து உகண்டா நோக்கி ரயில்பாதை புறப்பட்டது. தீவின் மறுபுறத்திலுள்ள கிலின்டினியில் ஆழ்கடல் துறைமுகம் வளர்ந்தது. வணிகம் சென்ற வழியே நகரமும் சென்றது.

திருகோணமலைக்கும் 1927-இல் ரயில் வந்தது. ஆயினும் வணிகம் வரவில்லை. கொழும்பில், இயற்கை தராத துறைமுகத்தைப் பெரும்பொருள் செலவிட்டு அலைதடுப்புச் சுவர் கட்டி உண்டாக்கிய ஆங்கிலேயர், இயற்கை வாரி வழங்கிய இத்துறையைக் கடற்படைக்கென ஒதுக்கிவைத்தனர். விந்தையான நீதிதான்! சீனன்குடாக் காட்டினுள் ஏறக்குறைய நூறு எண்ணெய்த் தாங்கிகள் எழுந்தன. கப்பற்படைக்கு வேண்டிய எண்ணெய் அங்கே நிறைந்தது. 1942 ஏப்ரல் 9-ஆம் நாள் யப்பானிய விமானங்களின் குண்டுகளும் அங்கே விழுந்தன.

1957-இல் தளம் இலங்கையிடம் ஒப்படைக்கப்பட்டது. பின்னர் மாவாலையும் சீமெந்துத் தொழிற்சாலையும் வந்தன. ஆனால் நிலத்தின் கணக்கு எளிதில் தீரவில்லை. துறைமுகத்தைச் சூழ்ந்த நிலத்திற் பெரும்பகுதி 1980-களில் துறைமுக அதிகாரசபைக்கு உரித்தாக்கப்பட்டது. அதனுள் வாழும் குடும்பங்கள் தம் வளவுக்குக் காணி உறுதி பெறுதல் அரிதாயிற்று. உறுதியில்லாதவன் கல்வீடு கட்டத் தயங்குவான். வங்கியும் அவனுக்குக் கடன் கொடாது. அதிகாரசபையின் நிலப்படத்தில் ஒரு கோடு, வளவிலே ஓலைவேலியாகவே நின்றுவிடுகிறது.

தெற்கே கிண்ணியா கண்ணுக்கெட்டும் தொலைவில் இருந்தும், இடையிலுள்ள நீரைக் கடக்க மக்கள் நெடுங்காலம் பாதையையே நம்பியிருந்தனர். காலையில் மீன்கூடையோடு வருபவரும் மருத்துவமனைக்கு நோயாளியைக் கொணர்பவரும் அதன் வரவுக்காகக் கரையிற் காத்துநின்றனர். அங்கே பாலம் திறக்கப்பட்டது 2009-இலேதான்.

கோணேசர் கோயிலோ புதுக்கிக் கட்டப்பெற்று 1963-இல் குடமுழுக்குக் கண்டது. ஆனால் வழி பழைய வழியே. அருச்சனைத் தட்டு ஏந்திய அடியார்கள், படையினர் காவல் நிற்கும் கோட்டை வாயிலின் ஊடாகவே இன்றும் மலை ஏறுகின்றனர்.