எழ மறுக்கும் மடிக்கணினி

விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கு மைக்ரோசாப்ட் நிறுவனத்தார் அளித்துவந்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 ஆம் நாளோடு முடிவுற்றது. பழைய மடிக்கணினிகள் பலவற்றில், விண்டோஸ் 11 வேண்டி நிற்கும் டிபிஎம் 2.0 முதலிய உறுப்புகள் இல்லை. ஆகவே நம் ஆசிரியருள் சிலர் லினக்ஸ் என்னும் மாற்று இயங்குதளத்தை நாடுகின்றனர். நல்ல முயற்சியே. ஆயினும் நிறுவி முடித்துப் பொத்தானை அழுத்தியதும் கருந்திரையும் ஒரு வரி எச்சரிக்கையுமே தோன்றினால் யாது செய்வது?

எம் பள்ளி ஆசிரியை ஒருவர் அத்தகைய மடிக்கணினியோடு என் அறைக்கு வந்தார். “எல்லாம் போய்விட்டது, ஐயா. முழுவதையும் அழித்துவிட்டு முதலிலிருந்து போட்டுவிடலாமா?” என்று கேட்டார். ஒன்பது ஆண்டுகளாக அவர் தொகுத்த பாடக் குறிப்புகளும், ஆறாம் ஆண்டு மாணவரின் மதிப்பீட்டுப் பதிவுகளும் அதனுள் இருந்தன. வேறெங்கும் படி இல்லை.

தோட்டத்தில் வளர்ந்தோர்க்குப் பெரட்டு நினைவிருக்கும். விடியுமுன் ஆட்கள் களத்தில் நிற்பர்; கிராணியார் ஏட்டைப் பார்த்துப் பெயர் கூப்பிடுவார். ஏட்டில் பெயர் விடுபட்டவனுக்கு அன்று வேலை இல்லை. அதனால் அவன் இறந்துபட்டான் என்று எவரேனும் சொல்வரோ? மடிக்கணினி எழாமற் போவதும் பெரும்பாலும் இத்தகையதே.

அது விழிக்கும் முறையைச் சற்று நோக்குவோம். மின்சாரம் பாய்ந்ததும் முதலில் எழுவது விண்டோஸும் அன்று, லினக்ஸும் அன்று. தாய்ப்பலகையிலுள்ள சில்லில் பதிந்திருக்கும் நிலைபொருளே முதலில் எழுகிறது. முன்னாளில் இது பயாஸ் எனப்பட்டது. இக்காலத்து முறைக்கு யூஇஎஃப்ஐ என்று பெயர். யாரை எழுப்புவது என்னும் பெயர்ப்பட்டியல் இதனிடம் உண்டு. பட்டியலிலுள்ள ஒவ்வொரு பெயரும், வன்தட்டின் சிறு பிரிவொன்றிலுள்ள துவக்கியைச் சுட்டும். லினக்ஸுக்குப் பெரும்பாலும் கிரப் என்பதே துவக்கி. விண்டோஸுக்குத் தனியே ஒன்று உண்டு. துவக்கி எழுந்து இயங்குதளத்தை எழுப்பும். ஆசிரியையின் குறிப்புகளோ, இவற்றுக்கெல்லாம் அப்பால் வேறொரு பெரிய பிரிவில் கிடப்பவை. வழி அறுந்தமையால் வீடு இடிந்துவிடாது.

ஆகவே வழி எவ்விடத்தில் அறுந்தது என்பதையே தேட வேண்டும். திரையில் தோன்றும் சொற்களே அதற்குச் சான்று. துவக்கத்தக்க கருவி இல்லை என்று வந்தால், நிலைபொருள் தன் ஏட்டில் எவரையும் காணவில்லை என்பது பொருள். வன்தட்டின் பெயரே நிலைபொருளின் அமைப்புத் திரையில் இல்லையாயின், தட்டு பழுதாகியிருத்தலும் கூடும். ‘கிரப் ரெஸ்கியூ’ என்று வந்தால், கிரப் விழித்துவிட்டது, தன் கோப்புகளைத்தான் காணாமல் தவிக்கிறது என்று கொள்க. பிரிவுகளை அழித்தாலும் மாற்றினாலும் இது நேரும். கிரப் பட்டியல் ஒழுங்காக வந்து, அதன்பின் திரை கறுத்துப்போனால் பெரும்பாலும் திரைக்குரிய இயக்கியின் குறையே. பட்டியலில் நிற்கும்போது ‘ஈ’ என ஒலிக்கும் ஆங்கில எழுத்தை அழுத்தி, லினக்ஸ் என்று தொடங்கும் வரியின் இறுதியில் ‘நோமோட்செட்’ என ஒரே சொல்லாகச் சேர்த்து, எஃப்10 விசையால் துவக்கிப் பார்க்கலாம். அம்மாற்றம் அந்த ஒரு முறைக்கே செல்லும், தவறினாலும் கேடில்லை.

பாதுகாப்பு மீறல் என்று வந்தால், ‘செக்யூர் பூட்’ என்னும் காவல் துவக்கியை ஏற்கவில்லை என்பதாம். 2024 ஆகஸ்டில் வந்த விண்டோஸ் புதுப்பிப்பு ஒன்று, இரு இயங்குதளங்களும் உள்ள கணினிகள் சிலவற்றில் லினக்ஸை இவ்வாறு வாயிலிலேயே மறித்தது. காவலை நீக்கிவிடுங்கள் என்று சொல்வது எளிது. ஆனால் வன்தட்டு பிட்லாக்கரால் பூட்டப்பட்டிருப்பின், விண்டோஸ் அடுத்த முறை 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கக்கூடும். அச்சாவி கையில் இல்லாதவர் இதனைத் தொடவே கூடாது.

இனி ஆசிரியையின் கதைக்கு வருவோம். நிறுவியவுடன் லினக்ஸ் நன்றாகவே எழுந்திருக்கிறது. கிரப் பட்டியலில் விண்டோஸின் பெயர் மட்டும் இல்லை. 2021 இல் வெளிவந்த கிரப் 2.06 முதல், பிற இயங்குதளங்களைத் தேடிச் சேர்க்கும் வேலை இயல்பாகவே நிறுத்திவைக்கப்பட்டுள்ளது. இதனை அறியாத உறவினர் ஒருவர், யூஇஎஃப்ஐ முறையைப் பழைய ‘லெகசி’ முறைக்கு மாற்றச் சொல்லியிருக்கிறார். மாற்றியதும் லினக்ஸும் மறைந்தது. முதற்கோளாறு சிறிது, மருந்தினால் வந்தது பெரிது. மூன்றாம் மருந்தாக அழிப்பதற்குத்தான் அவர் ஆயத்தமாக இருந்தார்!

பென்டிரைவிலிருந்து லினக்ஸை நிறுவாமலே இயக்கி, அவர் கோப்புகள் அனைத்தையும் வெளித்தட்டு ஒன்றில் முதலில் படியெடுத்தோம். தட்டு பூட்டப்படாதிருந்தது நல்வினையே. பின்னர் நிலைபொருளை யூஇஎஃப்ஐ முறைக்கே திருப்பினோம், லினக்ஸ் எழுந்தது. கிரப்பின் அமைப்புக் கோப்பில் அத்தேடலுக்கு இருந்த தடையை நீக்கி, பட்டியலைப் புதுப்பித்தோம். விண்டோஸின் பெயரும் வந்து சேர்ந்தது. இதற்குப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. படியெடுக்கத்தான் மூன்று மணி நேரம் பிடித்தது.