புரையை எடுத்தாச்சு... பார்வை எங்கே சார்?

சிவகாசிப் பக்கம் வந்தால் இரண்டு வார்த்தைகளில் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். ஒன்று, 'மருந்து'. உங்க ஊரில் அது இருமலுக்குக் குடிப்பது. இங்கே புஸ்வாணத்துக்குள் அடைப்பது. இன்னொன்று, 'ஆபீஸ்'. 'அக்கா ஆபீஸுக்குப் போயிருக்கு' என்றால் அக்கா கம்ப்யூட்டர் தட்டுகிறது என்று அர்த்தமில்லை. தீப்பெட்டி ஆபீஸ், பட்டாசு ஆபீஸ்... அங்கே திரி வைத்துக்கொண்டிருக்கும், இல்லாவிட்டால் லேபிள் ஒட்டிக்கொண்டிருக்கும்.

மூன்றாவதாக ஒரு வார்த்தையையும் சேர்த்துக்கொள்ளலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. 'கண் ஆபரேஷன்'.

விருதுநகர், சாத்தூர், சிவகாசி வட்டாரத்தில் கண் ஆபரேஷன் என்றால் முடி வெட்டிக்கொள்வது மாதிரி. 'இலவசக் கண் சிகிச்சை முகாம்' நோட்டீஸ் பார்க்காத சுவர் இருக்காது. ஞாயிற்றுக்கிழமை ஏதாவது ஒரு பள்ளிக்கூடத்தில் முகாம். பஸ் வந்து கூட்டிக்கொண்டு போகும். திரும்பி வரும்போது தாத்தா கறுப்புக் கண்ணாடியோடு ஹீரோ மாதிரி இறங்குவார். 'பத்தே நிமிசம் தம்பி! ஒரு எண்ணெய் புரோட்டா சாப்பிடுற நேரம்கூட ஆகலை' என்பார்.

உண்மைதான். ஆனால் அந்த பஸ்ஸில் போகிற எல்லோரும் ஒரே மாதிரி திரும்புவதில்லை.

இரண்டு பேர், ஒரே பஸ்

எங்கள் தெருவில் இரண்டு பேர். ஒருவர் மளிகைக்கடை அண்ணாச்சி. இன்னொருவர் அந்தக் காலத்தில் பட்டாசு ஆபீஸில் வேலை பார்த்த பெரியவர். இருவருக்கும் கண்ணில் புரை. ஒரே முகாம், ஒரே பஸ். அண்ணாச்சிக்கு மறுநாளே ஆபரேஷன். அடுத்த வாரம் கல்லாவில் உட்கார்ந்து, 'இந்த நோட்டு கிழிஞ்சிருக்கே' என்று திருப்பிக் கொடுக்க ஆரம்பித்துவிட்டார். (இத்தனை நாளாகக் கிழிந்த நோட்டைத் தள்ளிக்கொண்டிருந்த எங்களுக்குத்தான் நஷ்டம்.)

பெரியவரை மட்டும் வரிசையிலிருந்து பிரித்துத் தனியே உட்கார வைத்துவிட்டார்கள். 'உங்க கண்ணுல புரை மட்டும் இல்லைங்கய்யா. வேற டாக்டரும் பார்க்கணும்.' அவருக்கு வந்ததே கோபம்! அவர் மகனுக்கு அதைவிடக் கோபம். மதுரையில் ஒரு கம்பெனியில் கிளார்க். லீவு கேட்டு மானேஜரிடம் கெஞ்சி வந்தவன். என்னிடம் வந்து புலம்பினான். 'அண்ணாச்சிக்குப் பத்து நிமிசத்துல முடிச்சாங்கண்ணே. எங்கப்பாவை மட்டும் எதுக்கு இழுத்தடிக்கணும்? பேசாம வேற எங்கயாச்சும் காசு குடுத்து முடிச்சிரலாம்னு பார்க்கிறேன்.'

நான் பி.காம். டாக்டர் இல்லை. ஆனால் விஷயம் தெரிந்தவர்களைக் கேட்டதிலும், தேடிப் படித்ததிலும் ஒன்று புரிந்தது. கண் என்பது ஒரு பாலன்ஸ் ஷீட். புரை அதில் ஒரே ஒரு ஐட்டம்.

வர வேண்டிய பாக்கி, வாராக் கடன்

கண்ணின் பாப்பாவுக்குப் பின்னால் ஒரு லென்ஸ் இருக்கிறது. சின்ன வயதில் பளிங்கு மாதிரி இருக்கும். வயதாக ஆக மங்கிப் பழுப்பேறும். அதுதான் புரை. அந்தப் பழைய லென்ஸை எடுத்துவிட்டு, அது இருந்த மெல்லிய உறைக்குள்ளேயே புது லென்ஸ் ஒன்றை வைத்துவிடுகிறார்கள். ஆபரேஷன் அவ்வளவுதான்.

ஆனால் பார்வை லென்ஸோடு முடிகிற சமாசாரம் இல்லை. வெளிச்சம் பின்னால் இருக்கும் விழித்திரையில் விழ வேண்டும். அங்கிருந்து நரம்பு வழியாக மூளைக்குப் போக வேண்டும். சினிமா தியேட்டரில் புரொஜக்டர் லென்ஸைப் பளபளவென்று துடைத்துவிட்டீர்கள். திரை கிழிந்திருந்தால்? ஒயர் அறுந்திருந்தால்? தலைவர் படமே ஆனாலும் தெரியுமா?

கணக்குப் பாஷையில் சொல்கிறேன். புரையால் போன பார்வை, வர வேண்டிய பாக்கி. ஆபரேஷன் செய்து வசூல் பண்ணிவிடலாம். கண்ணின் உள் அழுத்தத்தால் நரம்பு பட்டுப்போய் இழந்த பார்வை இருக்கிறதே, க்ளாக்கோமா என்கிறார்களே, அது வாராக் கடன். போனது போனதுதான். மிச்சத்தைக் காப்பாற்றலாம்.

வம்பு என்னவென்றால் இரண்டும் ஒரே கண்ணில் இருக்கலாம். டார்ச் அடித்தால் புரை வெள்ளையாகத் தெரிகிறது. வாராக் கடன் அதன் பின்னால் ஒளிந்துகொள்கிறது. நாமும் மொத்த நஷ்டத்தையும் புரையின் கணக்கில் எழுதிவிடுகிறோம்.

பத்து நிமிடத்தின் பின்னணி

இந்த ஆபரேஷன் இவ்வளவு சுலபமானதே ஒரு சுவாரசியமான கதை. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானிகளின் கண்ணில் விமானத்தின் பிளாஸ்டிக் சில்லுகள் குத்திக்கொண்டன. அந்தச் சில்லுகளைக் கண் பெரிதாக எதிர்க்கவில்லை என்பதைக் கவனித்தார் ஹெரால்டு ரிட்லி என்ற டாக்டர். 1949-ல் லண்டன் செயின்ட் தாமஸ் ஆஸ்பத்திரியில் அதே வகைப் பிளாஸ்டிக்கில் லென்ஸ் செய்து ஒருவர் கண்ணுக்குள் வைத்தார். பிறகு அமெரிக்காவில் சார்லஸ் கெல்மன். பல் சுத்தம் பண்ணப் போன இடத்தில் டாக்டரின் அல்ட்ராசவுண்ட் கருவியைப் பார்த்து, 'இதை வைத்துப் புரையை உடைத்தால் என்ன?' என்று யோசித்தார். 1967-ல் செய்தும் காட்டினார்.

நம்ம பக்கத்து ஆளும் ஒருவர் உண்டு. எட்டயபுரம் அருகே வடமலாபுரத்தில் 1918-ல் பிறந்த டாக்டர் கோ. வெங்கடசாமி. மூட்டு நோயில் கைவிரல்கள் கோணிக்கொண்டன. அந்த விரல்களுக்குக் கத்தி பிடிக்கப் பழக்கி, ஒரு லட்சத்துக்கும் மேல் கண் ஆபரேஷன் செய்தார். ரிட்டையர் ஆனதும் ஈஸிசேர் வாங்காமல், 1976-ல் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையை ஆரம்பித்தார். 1992-ல் ஆரோலேப் தொடங்கி லென்ஸை மதுரையிலேயே தயாரிக்க ஆரம்பித்த பிறகு அதன் விலை மளமளவென்று இறங்கியது. 2006-ல் அவர் மறைந்தார். ஏழைக்கு ஒரு கண், பணக்காரனுக்கு ஒரு கண் என்ற நிலைமையை மாற்றியதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு.

நாம் பார்ப்பது அந்தப் பத்து நிமிடத்தை மட்டும்தான். அதற்கு முன்னால் ரத்த அழுத்தம், சர்க்கரை, கண்ணின் உள் அழுத்தம், கண்ணீர்ப் பையில் சீழ் இருக்கிறதா என்று ஒரு பெரிய சல்லடையே இருக்கிறது. அந்தச் சல்லடையில் மாட்டுகிறவரைத்தான் தனியே உட்கார வைக்கிறார்கள். அது தள்ளுபடி இல்லை சார், ஆடிட்!

பெரியவர் சொல்லாத வெடி

பெரியவர் விஷயத்துக்கு வருகிறேன். 'முன்னாடி கண்ணுல அடி எதுவும் பட்டிருக்கா?' என்று கேட்டிருக்கிறார்கள். 'இல்லையே' என்று பட்டென்று சொல்லியிருக்கிறார். கூட இருந்த ஆச்சிதான் போட்டு உடைத்தது. 'ஏன், நமக்குக் கல்யாணமான புதுசுல வெடி தெறிச்சு ஒரு வாரம் கட்டுப் போட்டுக் கெடந்தீகளே?' அவர் அலட்சியமாக, 'அது அப்பவே ஆறிப் போச்சு' என்றாராம்.

வெளியே ஆறியது. உள்ளே?

லென்ஸ் கண்ணுக்குள் பந்தல் மாதிரி, சுற்றிலும் மெல்லிய கயிறுகளால் இழுத்துக் கட்டப்பட்டிருக்கிறது. வெடி வேகமாக வந்து மோதும்போது சில கயிறுகள் அறுந்துவிடலாம். பந்தல் ஆடும். தெரியாமல் புரையை எடுக்கப் போனால், லென்ஸ் நழுவிக் கண்ணின் பின்பக்கம் விழுந்துவிடும் ஆபத்து உண்டு. முன்கூட்டியே தெரிந்தால் முட்டுக் கொடுக்கும் வளையம் தயாராக இருக்கும். விழித்திரை டாக்டரும் பக்கத்தில் இருப்பார்.

இரண்டாவது, அடிபட்ட கண்ணில் நீர் வடியும் வாய்க்கால் சேதமாகியிருந்தால், பல வருஷம் கழித்தும் அழுத்தம் ஏறலாம். வலி தெரியாது. மூன்றாவது, விழித்திரையிலேயே தழும்போ கிழிசலோ இருக்கலாம். புரை கெட்டியாக மறைத்துக்கொண்டு உள்ளே எதுவும் தெரியாவிட்டால், வயிற்றுக்கு எடுக்கிற மாதிரி கண்ணுக்கும் அல்ட்ராசவுண்ட் எடுத்துப் பார்க்கிறார்கள். பட்டாசோடு பிழைக்கிற ஊரில் இந்த ஒரு கேள்விக்கு உண்மையான பதில் எவ்வளவு முக்கியம் பாருங்கள்!

பெரியவருக்கு அழுத்தம் ஏறித்தான் இருந்தது. முதலில் சொட்டு மருந்து, அப்புறம்தான் ஆபரேஷன். 'வெளிச்சம் கூடும், முழுசா வரும்னு நினைக்காதீங்க' என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள். அதனால் கட்டுப் பிரித்தபோது யாரும் அழவில்லை. இப்போது தினக் காலண்டரில் தேதி தெரிகிறது. கீழே பொடி எழுத்தில் இருக்கும் ராகு காலம் தெரியவில்லை. 'தெரியாட்டிப் போகுது. ராகு காலம் கண்ணுக்குத் தெரியலைன்னா எல்லாமே நல்ல நேரம்தான' என்கிறார்!

இன்னும் யாருக்குத் தனி வரிசை?

முதல் வரிசை சர்க்கரைக்காரர்களுக்கு. இந்தியாவில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை நோய் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நிதியளித்த ஆய்வு 2023-ல் சொன்னது. சர்க்கரையால் விழித்திரையில் நீர் கோத்து வீங்கியிருந்தால், ஆபரேஷனுக்குப் பிறகு அந்த வீக்கம் கூடலாம். அதனால் பெரும்பாலும் முதலில் கண்ணுக்குள் ஊசி அல்லது லேசர், பிறகு புரை. (கண்ணுக்குள் ஊசி என்றதும் பேப்பரை மூடாதீர்கள். மரத்துப்போக மருந்து விட்டுத்தான் போடுகிறார்கள்.)

அடுத்து, 'பொடுகு' கண். நிஜமாகத்தான்! சில வயதானவர்களின் லென்ஸ் மேல் பொடுகு மாதிரி வெள்ளைத் துகள் படிகிறது. நான் சொன்னேனே, பந்தல் கயிறு, அது இவர்களுக்கும் பலவீனமாக இருக்கும். கண் அழுத்தமும் ஏறலாம்.

கண் சிவந்தால் மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிச் சொட்டு விட்டுக்கொள்கிறவர்கள் இன்னொரு ரகம். அதில் ஸ்டீராய்டு இருந்து மாதக்கணக்கில் விட்டால் புரையும் வரும், அழுத்தமும் ஏறும். ஒரே பாட்டிலில் இரண்டு வியாதி. இதற்கு வயது வரம்பு கிடையாது, இளைஞர்களே!

நல்ல செய்தியும் உண்டு. சிலருக்குத் தடித்த லென்ஸே நீர் வடியும் வழியை நெருக்கி அழுத்தத்தை ஏற்றிவிடும். அவர்களுக்கு லென்ஸை எடுப்பதே வைத்தியம். 2016-ல் லான்செட் மருத்துவ இதழில் வெளியான ஈகிள் என்ற ஆய்வு இதற்கு வலுச் சேர்த்தது. ஆக, 'வேற பிரச்னை இருக்கு' என்றால் ஆபரேஷனே கிடையாது என்று அர்த்தமில்லை. எதை முதலில், எதை அப்புறம் என்பதுதான் கேள்வி.

'புரை முத்தட்டும்' என்று காத்திருக்கும் பாட்டிகளுக்கும் ஒரு வார்த்தை. அது பழைய காலத்துப் பேச்சு. இப்போது முத்த வேண்டிய அவசியமில்லை. ரொம்ப முத்தினால் புரையே கசிந்து அழுத்தத்தை ஏற்றிக் கண்ணைக் கெடுத்துவிடும். பலாப்பழம் இல்லை, வெயிட் பண்ண!

காஸ்ட்லி லென்ஸ் மகன்கள்

முதல் சம்பளம், போனஸ் வாங்கிய மகன்கள் செய்யும் காரியம் ஒன்று: 'எங்கம்மாவுக்கு இருக்கிறதுலயே காஸ்ட்லி லென்ஸ் வைங்க டாக்டர்!' பாசம் புரிகிறது. கிட்டத்தையும் தூரத்தையும் ஒன்றாகக் காட்டும் லென்ஸ்கள், வரும் வெளிச்சத்தைப் பங்கு போடுகின்றன. விழித்திரையோ நரம்போ ஏற்கெனவே பழுதாக இருந்தால் அந்தப் பங்கு கட்டுப்படியாகாது. அவர்களுக்குச் சாதா லென்ஸும் ஒரு படிக்கும் கண்ணாடியும்தான் பொதுவாக நல்லது. விலை அதிகம் என்பதற்காக ஐம்பதாம் நம்பர் செருப்பை அம்மாவுக்கு வாங்குவோமா?

லீவு போட்டு அழைத்துப் போகிறவர்களுக்கு...

1. பழைய அடி, வெடி, கண்ணில் பட்ட ரசாயனம் எல்லாவற்றையும் சொல்லுங்கள். அப்பா மறந்தாலும் அம்மாவுக்கு ஞாபகம் இருக்கும். அவரையும் கூட்டிப் போங்கள்.

2. சாப்பிடும் மாத்திரை, விட்டுக்கொள்ளும் சொட்டு எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். புரோஸ்டேட்டுக்காகச் சாப்பிடும் டாம்சுலோசின் மாத்திரைகூட ஆபரேஷனின்போது பாப்பாவைச் சரியாக விரியவிடாது. டாக்டருக்கு முன்பே தெரிந்தால் சமாளித்துவிடுவார். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

3. கேட்க வேண்டிய கேள்வி: 'புரையைத் தவிர வேறு என்ன இருக்கிறது? புரையை எடுத்தால் எவ்வளவு பார்வையை எதிர்பார்க்கலாம்?'

4. ஆபரேஷன் முடிந்தாலும் அழுத்தத்துக்கான சொட்டை நீங்களாக நிறுத்தாதீர்கள். சர்க்கரைக்காரர்கள் விழித்திரை செக்கப்பை விடாதீர்கள். புரைதான் போயிருக்கிறது, மற்றவை அங்கேயே குடியிருக்கின்றன.

5. வீட்டில் ஒருவருக்குக் க்ளாக்கோமா என்றால் உங்கள் கண்ணையும் பரிசோதியுங்கள். அது குடும்பத்தில் ஓடும்.

6. தீபாவளிக்குப் பட்டாசு கண்ணில் பட்டால் தேய்க்காதீர்கள், அழுத்திக் கட்டாதீர்கள், தாய்ப்பால், விளக்கெண்ணெய் எதுவும் விடாதீர்கள். நேரே கண் ஆஸ்பத்திரி.

ஆபரேஷன் பத்து நிமிடம்தான். அதற்கு முந்தைய பரிசோதனைக்கு அரை நாள் ஆனால் ஆகட்டும் சார். காஷுவல் லீவு அடுத்த வருஷம் புதுசாக வரும். கண்ணுக்கு அப்படிக் கணக்கு எழுத முடியாது. மொத்தமே இரண்டுதான்!