கோழி சீஸ் பர்கர் வீட்டில் ஏன் வறண்டு போகிறது?

சாலையோரக் கடையில் மார்ஜரின் பொரியும் வாசம் வந்தாலே பிள்ளைகள் காரை நிறுத்தச் சொல்வார்கள். மாட்டிறைச்சி சேர்க்காத நம் குடும்பங்கள் அங்கே கேட்பது பெரும்பாலும் கோழி பர்கர்தான். அதையே வீட்டில் செய்தால் காய்ந்துபோய்த் தொண்டையை அடைக்கிறது. குறை மசாலாவில் இல்லை. கொழுப்பிலும் உப்பிலும் இருக்கிறது.

கோழியின் நெஞ்சுக்கறியில் கொழுப்பு மிகக் குறைவு. அரைத்துச் சுட்டால் சக்கையாகிவிடும். பசாரில் தொடைக்கறியை எலும்பெடுத்து, தோலும் கொஞ்சம் சேர்த்து அரைத்துத் தரச் சொல்லுங்கள். அரை கிலோவுக்கு நான்கு பர்கர் வரும். ஆட்டிறைச்சி என்றால் அதன் கொழுப்பையும் விட்டுவிடாதீர்கள்.

வெங்காயம், மிளகுத்தூள் சேர்க்கலாம். உப்பை மட்டும் இறைச்சியோடு பிசைய வேண்டாம். உப்பு புரதத்தைக் கரைத்து ஒன்றோடொன்று ஒட்ட வைக்கும். மீன் உருண்டை ரப்பர் போலத் துள்ளுவது அதனால்தான். பர்கருக்கு அந்த இழுவை ஆகாது. மசால் வடை போல மெல்லத் தட்டி, நடுவில் கட்டைவிரலால் லேசாகப் பள்ளம் செய்யுங்கள். இல்லாவிட்டால் சூட்டில் உப்பிக்கொள்ளும். தோசைக்கல்லில் போடும்போது மேலே உப்புத் தூவினால் போதும். கடைக்காரர் அழுத்துகிறாரே என்று கரண்டியால் அழுத்தாதீர்கள், வெளியே போவது சாறு.

ஆனால் சாறு வேண்டுமென்று அரைவேக்காட்டில் எடுக்கவும் கூடாது. அரைக்கும்போது இறைச்சியின் மேலே இருக்கும் கிருமிகள் உள்ளேயும் கலந்துவிடுகின்றன. கோழியின் நடுப்பகுதி 74 டிகிரி செல்சியஸ் சூட்டைத் தொட வேண்டும். நிறம் சில வேளை ஏமாற்றும். சமையல் வெப்பமானி ஒன்று வீட்டில் இருப்பது நல்லது.

வெந்து முடிய ஒரு நிமிடம் இருக்கும்போது சீஸை மேலே வைத்து, கல்லில் ஒரு கரண்டி தண்ணீர் விட்டு மூடுங்கள். ஆவியில் உருகி ஓரமெல்லாம் வழியும். தாளில் சுற்றி வரும் துண்டு சீஸை மட்டமாக நினைக்க வேண்டாம். அதில் சேர்க்கும் சில உப்புகள் எண்ணெய் பிரியாமல் உருக வைக்கின்றன. செடாருக்கு ருசி கூடுதல்தான், ஆனால் சூடு மிஞ்சினால் எண்ணெய் கக்கும்.

பன்னின் வெட்டிய பக்கத்தை மார்ஜரினில் சுட்டுவிட்டால் மிளகாய் சாஸ் சீக்கிரம் ஊறாது. கடையில் செய்வது போல முட்டையில் சுற்ற ஆசைப்பட்டால், முட்டையைக் கல்லில் மெல்லியதாகப் பரப்பி, சீஸ் உருகிய கறியை நடுவே வைத்து நான்கு பக்கமும் மடியுங்கள்.